விழுந்தது பூச்சி இல்லை, கண்டங்கத்திரி விதை

தாடைக்குக் கீழே வரை கல்லாக இறுகிய வீக்கம், வாயைத் திறந்தால் இரண்டு விரல்கூட நுழையாது. இந்த நிலையில் ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருகிறவர்களிடம் "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் இதுதான்: "போன மாசமே பல்லுல பூச்சி எடுத்தாச்சுங்களே டாக்டர்!"

மலைக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அடிவாரத்திலும் சேலம் டவுனுக்குள்ளும் பூச்சி எடுக்கிறார்கள். படித்தவர்களும் போகிறார்கள்.

பல்லில் பூச்சி கிடையாது. சொத்தை என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சர்க்கரையைத் தின்று வெளியிடும் அமிலத்தால் பல் கரைவது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரின் வாய்ப்புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது உண்டு. அது சதையில், அதுவும் அபூர்வமாக. சொத்தைக் குழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் பூச்சி எடுக்கிறவர் காட்டும் தண்ணீரில் மிதக்கிறதே, அது என்ன? பழுத்துக் காய்ந்த கண்டங்கத்திரிப் பழத்தின் விதையை எண்ணெயில் பிசறித் தணலில் போடுகிறார்கள். மேலே ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஓட்டையில் பப்பாளிக் காம்பைச் செருகி, புகையைப் பல்லுக்குப் பிடிக்கிறார்கள். சூட்டில் விதைத்தோல் வெடித்து உள்ளே இருக்கும் முளைக்கரு வெளியே வருகிறது. கத்தரிக் குடும்பத்து விதைகளில் இந்தக் கரு வெள்ளையாக, வளைந்து சுருண்டு இருக்கும். பார்த்தால் அசல் புழுதான். சந்தேகம் இருந்தால் யார் வாயையும் வைக்காமல் அதே விதையைச் சுட்டுப் பாருங்கள். 'பூச்சி' அப்போதும் வரும்.

காதில் பச்சிலைச் சாறு விட்டுப் பூச்சி எடுப்பது இதைவிட மோசம். காதுத்துளை செவிப்பறையோடு முடிந்துவிடுகிறது; பல்லிலிருந்து அங்கே வர வழியே இல்லை. கீழ்க்கடைவாய்ப் பல் வலி காதுக்குள் குத்துவதால்தான் மக்கள் இதை நம்புகிறார்கள். இரண்டு இடத்துக்கும் உணர்ச்சி ஒரே நரம்பின் கிளைகளில் போகிறது, அவ்வளவுதான்.

"ஆனா வலி நின்னுடுச்சே?" நிற்கும். சொத்தை பல்லின் நரம்பைத் தொட்டதும் உயிர் போகிற வலி வரும். அந்த நரம்பு அழுகிச் செத்ததும் வலி தானாக நின்றுவிடும். புகை காட்டினாலும் காட்டாவிட்டாலும் நிற்கும். பெயர் மட்டும் புகை காட்டியவருக்குப் போகிறது. பிறகு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ சீழ் வேர் நுனிக்குக் கீழே சத்தமில்லாமல் எலும்பைத் தின்னும், ஒருநாள் வீங்கும். ஃபில்லிங்கோடு முடிந்திருக்க வேண்டிய பல் ரூட் கேனலுக்கு வந்து நிற்கும், அல்லது பிடுங்க வேண்டியிருக்கும். (பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகாது. இதையும் எத்தனை முறைதான் சொல்வது!)

அடுத்தது எருக்கம்பால், கள்ளிப்பால். சொத்தையில் ஒரு சொட்டு விட்டால் பல் தானே உதிரும் என்று ஒரு நம்பிக்கை. பல் உதிராது, ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்து, வெள்ளையாகத் தோல் உரியும். அதே விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். எருக்கம்பால் பட்ட கண்ணில் வலி பெரிதாக இல்லாமலே பார்வை குறையலாம், அதனால் வலியில்லை என்று சும்மா இருக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம்.

மூலிகை என்றாலே நான் எதிரி இல்லை. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் பல் மருத்துவர்களே பயன்படுத்தும் பொருள்தான். பாசிப்பயறு அளவு பஞ்சில் ஒரே சொட்டு தொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் பூசினால் வேகும். குழந்தைகளுக்கு வேண்டாம், விழுங்கினால் கல்லீரலைத் தாக்கும். இது மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை தாக்குப்பிடிக்க மட்டும். ஈறு வீக்கத்துக்கு ஐந்தாறு கொய்யா இலையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு, வெதுவெதுப்பாகக் கொப்பளித்துத் துப்பலாம். ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்பும் போதும். ஆனால் ஈறில் ரத்தம் வருவதற்குக் காரணம் பல்லோடு ஒட்டிய காரை. அதை எந்தக் கஷாயமும் கரைக்காது, கிளீனிங் செய்துதான் எடுக்க வேண்டும்.

வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சுண்டுவிரல் பருமனில் இளங்குச்சியாக எடுத்து, நுனியை மென்று நார் நாராக்கி, ஈறிலிருந்து பல் நுனியை நோக்கித் தேயுங்கள். ரம்பம் போடுவதுபோல் குறுக்கே இழுத்தால் ஈறோரம் பள்ளம் விழுந்து கூசும். கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்குக் குச்சி எட்டாது, அதற்கு பிரஷ்தான்.

சாம்பல், அடுப்புக்கரி, செங்கல் பொடி வேண்டவே வேண்டாம். நம் சேலம், தருமபுரிப் பக்கம் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும். அது பல் உருவாகும்போதே எனாமலுக்குள் படிந்தது, மேலே ஒட்டிய அழுக்கில்லை. பிள்ளை பல் தேய்க்கவில்லை என்று திட்டி, செங்கல் பொடியால் தேய்த்துவிட்டால் கறை இருக்கும், எனாமல் போய்விடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு குறையாது. வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

இனி அவசரமானது. பல்வலியோடு காய்ச்சல், தாடைக்கு அடியில் அல்லது கண்ணை நோக்கிப் பரவும் வீக்கம், வாய் திறக்காமை, எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாறுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் பற்றுப் போடாதீர்கள், தவிட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீக்கம் நாக்கைத் தூக்கி மூச்சை அடைத்துவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் சாதாரண வீக்கத்துக்கே அன்றே வாருங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம், அரசு மருத்துவமனையில் பல் பிடுங்கக் காசு கிடையாது.

ஒரே ஒரு வேண்டுகோள். வரும்போது வாயில் என்ன வைத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள்; செடியின் பெயர் தெரியாவிட்டால் ஒரு கிளையை ஒடித்து எடுத்து வாருங்கள். பால் பட்டு வெந்த வெள்ளைப் படலமும், புகையிலை அடக்கிய இடத்தில் வரும் வெள்ளைத் திட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். முன்னது சில நாளில் ஆறும், பின்னதைச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். நேரில் திட்ட மாட்டோம். மேலே திட்டியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.