மொட்டை மாடியில் செய்ய வேண்டியதை சீலிங்கில் செய்யாதீர்கள்

இந்தக் கோடையில் நான் போய்ப் பார்த்த நாலாவது வீடு இது. மேல்தளத்துப் படுக்கையறை, ஒன்றரை டன் ஏசி, அழகான பால்ஸ் சீலிங். "இவ்வளவு செலவு பண்ணியும் ஏசியை நிறுத்தின பத்து நிமிஷத்துல புழுங்குது சார், ரெண்டு டன்னா மாத்திடலாமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

வெயிலைத் தடுப்பது பால்ஸ் சீலிங்கின் வேலை இல்லை. வெயிலை வாங்குவது அதற்கு மேலே இருக்கும் கான்கிரீட். மதியம் வாங்கிய சூட்டை அது சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும், அதாவது நீங்கள் படுக்கப் போகும் நேரத்துக்கு. அரை அங்குல ஜிப்சம் பலகை அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வாட்டர்புரூஃபிங் செய்தாயிற்றே என்பார்கள். அது தண்ணீருக்கு.

வீடுகளுக்காக மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற மின்சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் யூ மதிப்பு (சூடு எவ்வளவு எளிதாக உள்ளே இறங்குகிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது) 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. நம் வெறும் தளம் 3-ஐத் தாண்டும். மேலே 2 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (சூட்டைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) போட்டால் 0.6-க்கும் கீழே வந்துவிடும். முதலில் வாட்டர்புரூஃபிங், அதன்மேல் பலகை, அப்புறம் சரிவுக் கலவை, கடைசியாக வெள்ளை டைல்ஸ். பலகையின் அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோவாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பார்சலில் வரும் தெர்மோகோலைக் காட்டினால் திருப்பி அனுப்புங்கள். இப்போதைக்குக் காசு இல்லையா? வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் மட்டுமாவது அடியுங்கள். அழுக்கேறினால் பலன் குறையும், கழுவ வேண்டும்.

சரி, அடுத்தது இடுக்குகள். ஏசி பைப் போகும் ஓட்டை, ஸ்லைடிங் ஜன்னலில் தேய்ந்த பிரஷ், கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து. சென்னை மாதிரி கடலோர ஊரில் இவை வழியாகச் சூட்டோடு ஈரமும் வரும். அந்த ஈரத்தை இழுத்து வெளியேற்றவும் ஏசிதான் உழைக்க வேண்டும். அடைக்க ஒரு சிலிக்கான் டியூபும் ரப்பர் பட்டையும் போதும்.

ஆனால் ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். அடைக்கிற வேகத்தில் சமையலறையையும், கேஸ் கீசர் இருக்கும் குளியலறையையும் அடைத்துவிடாதீர்கள். காற்று போதாமல் கேஸ் எரிந்தால் அங்கே உருவாகும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாமலே போகலாம். அந்த வென்டிலேட்டரில் யாராவது அட்டை வைத்து மூடியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.