மிளகாய் வேருக்கு வேண்டிய காற்று

காவிரி டெல்டாவின் களிமண் எளிதில் தண்ணீரை விடாது. நெல்லுக்கு வரமான இந்தக் குணமே மிளகாய்க்குப் பகையாகிறது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் ஓடும் காற்றறைத் திசு, இலை வழியே நுழையும் ஆக்சிஜனை நீரில் மூழ்கிய வேர் நுனி வரை கொண்டு செல்கிறது. அந்த வசதி இல்லாத மிளகாயின் வேரோ மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றையே நம்பியிருக்கிறது. தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளிகள் அடைபட, வேர்ச் செல்கள் ஆற்றல் குன்றி நீரை உறிஞ்ச முடியாமல் போகின்றன. தண்ணீரில் நிற்கும் செடி வாடுவது இதனால்தான். வாட்டத்தைக் கண்டு மேலும் பாய்ச்சுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. மணல் கலந்த வண்டல் படிந்த கொள்ளிடக் கரைப் படுகைகள் இப்பயிருக்கு வாகானவை. மற்ற இடங்களில் வடிகால் எடுத்து, உயரமாகப் பார் (நீள மண்மேடு) பிடித்து நட வேண்டும்.

நாற்றங்காலிலும் இதே கணக்குதான். முளைக்கும் விதையும் சுவாசிப்பதால், அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய பத்து நாளில் முளை தெரியும். ஈரம் மிகுந்தால் பித்தியம் என்ற நுண்ணுயிரி தண்டின் அடியைத் தாக்க, நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்துவிடும்; கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைநேர்த்தி செய்வது இதற்கு ஓரளவு காப்பு. 40 நாள் நாற்றை, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விட்டு நடலாம்.

பூக்கும் பருவம் சித்திரை வெயிலில் அகப்பட்டால், கடும் வெப்பத்தில் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரும். ஐப்பசி அடைமழையில் அகப்பட்டாலோ மீண்டும் வேர்ப் பிரச்சினைதான். ஆகவே விதைக்கும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தீர்மானிப்பதே விவேகம்.

காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். உண்மையில், விதைகளைத் தாங்கும் வெளிறிய சூலகத் திசுவே காரம் தரும் கேப்சைசினைச் சுரக்கிறது. விதையில் ஒட்டியிருப்பது அதன் மிச்சம்தான். பாலூட்டிகளின் வாயை எரிக்கும் இப்பொருள் பறவைகளுக்கு உறைப்பதில்லை. பழத்தைத் தின்னும் பறவைகளின் எச்சத்தில் விதை சிதையாமல் வெளியேறி, பிற இடங்களுக்கும் பரவுகிறது.

நட்ட இரண்டரை மாதத்தில் பச்சைக்காய் பறிக்கலாம். செடியிலேயே விட்டால் பச்சையம் சிதைந்து, கேப்சாந்தின் என்ற நிறமி சேர்ந்து பழம் சிவக்கும். ஆனால் முற்றும் காய்களுக்கே செடியின் உணவு பெருமளவு செல்வதால் புதுப் பூக்கள் குறையும். பச்சைக்காய்க்காக வளர்ப்பவர்கள் வாரம் தவறாமல் பறிப்பது இதற்காகவே.