பனைமரம் பெரிது, கோபுரம் சிறிது: டெல்டாப் படங்களின் இயற்பியல்

காவிரி டெல்டாவில் எடுத்த நிலக்காட்சிப் படத்தை நாலு பேரிடம் காட்டினால், பெரும்பாலும் இரண்டு விமர்சனங்கள்தான் வரும். ஒன்று, "அருமை". மற்றொன்று, "நேரில் பார்த்த மாதிரி இல்லையே". முதலாவதைக் கேட்டு மகிழலாம்; கற்றுக்கொள்ள அதில் எதுவும் இல்லை. இரண்டாவது நியாயமான புகார். ஆனால் சொல்பவர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ஏன் நேரில் பார்த்த மாதிரி இல்லை என்ற கேள்விக்கு ரசனையை வைத்துப் பதில் தேடினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஒளியையும் நீரையும் காற்றையும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மலைநாட்டில் படம் எடுப்பவருக்கு நிலமே பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடுகிறது. முன்னே ஒரு பாறை, நடுவே பள்ளத்தாக்கு, பின்னே முகடு. டெல்டாக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலும் தரை இறங்குவது 100 மீட்டருக்கும் குறைவு. வரப்பில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று கொண்டால், பூமியின் வளைவு அவருக்குக் காட்டும் தொடுவானம் சுமார் 4.4 கிலோமீட்டரில் முடிந்துபோகிறது. அதற்குள் இருக்கும் வயல், வாய்க்கால், தென்னை, பனை, கோபுரம் ஆகியவற்றைக் கொண்டுதான் படத்துக்கு ஆழம் தேட வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வயலில் நின்று பார்த்தால், அது கண்ணில் அடைக்கும் கோணம் ஒரு பாகைக்குச் சற்று அதிகம். முழுநிலவைப்போல இரண்டு மடங்கு. பார்க்கிறவரின் கவனம் முழுவதும் அங்கே குவிந்துவிடுவதால் அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. செல்போன் கேமராவின் வழக்கமான லென்ஸோ, படுக்கைவாக்கில் பிடித்தால், மேலிருந்து கீழாகச் சுமார் 50 பாகையை வாரிக்கொள்கிறது. படத்தின் உயரத்தில் விமானத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. இராஜராஜன் கட்டியது வானத்தின் ஓரத்தில் ஒரு மரு போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதே இடத்தில், 100 மீட்டர் தள்ளி 15 மீட்டர் உயரப் பனை ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கோணம் எட்டரைப் பாகை. படத்தில் பனை விமானத்தைவிட ஏழு மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கும். இப்போது வரப்போடு 400 மீட்டர் பின்னால் நடந்து வாருங்கள். பனை 500 மீட்டர் தூரத்துக்குப் போய்விட்டது; அதன் கோணம் 1.7 பாகையாகச் சுருங்கிவிட்டது. விமானம் 3.4 கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் கோணம் ஒரு பாகையிலிருந்து அதிகம் நகரவில்லை. ஏழு மடங்கு வித்தியாசம் ஒன்றே முக்கால் மடங்காகிவிட்டது. இனி நீளக் குவியத்தூர லென்ஸால், அதாவது டெலி லென்ஸால், அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கினால் பனையும் கோயிலும் அருகருகே நிற்கும்.

டெலி லென்ஸ் தூரத்தை நெருக்கிக் காட்டும் என்று சொல்வது வழக்கம். நெருக்கியது அந்த 400 மீட்டர் நடைதான். பொருள்களுக்கு இடையேயான அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது கேமரா நின்ற இடம் மட்டுமே; லென்ஸ் வெட்டி எடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே "கோபுரம் சின்னதாக இருக்கிறது" என்பதைவிட, "பனைக்கு மிகவும் கிட்டே நின்றுவிட்டீர்கள்" என்பது பயன்படக்கூடிய விமர்சனம். அடுத்த முறை என்ன செய்வது என்பது அதிலேயே இருக்கிறது.

சமவெளிக்கே உரிய சிறு தொல்லை ஒன்றும் உண்டு. தொடுவானம் ஒரு பாகை சாய்ந்தால் போதும், 4,000 புள்ளி அகலமுள்ள படத்தில் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 70 புள்ளி ஏற்றத்தாழ்வு வந்துவிடும். மலைப்படத்தில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நீர் நிற்கும் வயலில் கவனிக்காமல் இருக்க முடியாது.

நீருக்கு வருவோம். டெல்டாப் படங்களில் ஆகச் சிறந்தவையும் ஆக மோசமானவையும் நடவுக்கு முன் பரம்படித்துத் தண்ணீர் கட்டிய வயலில்தான் எடுக்கப்படுகின்றன என்பது என் எண்ணம். குறுவைக்கோ சம்பாவுக்கோ தயாரான அப்படியொரு வயலின் வரப்பில் நின்று காலடியைப் பாருங்கள். கலங்கிய நீருக்கு அடியில் சேறும், நேற்று நடந்தவரின் கால் தடமும் தெரியும். பார்வையைச் சற்று உயர்த்தினால் சேறு மறைந்து வானம் வந்துவிடும். இரண்டும் ஒரே நீர்தான், மாறியது கோணம். நேர் கீழே பார்க்கும்போது நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 2 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. கண் மட்டம் ஒன்றரை மீட்டர் என்றால், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் நீர் 4 விழுக்காட்டை அனுப்புகிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் நீர் ஏறத்தாழ 40 விழுக்காட்டை அனுப்புகிறது. கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கினால் எல்லாக் கோணமும் சரிந்து, காலடிக்குக் கொஞ்சம் தள்ளியே கண்ணாடி தொடங்கிவிடும். நின்றுகொண்டு எடுத்த படத்தில் பாதி சேறாகவும், குந்தி உட்கார்ந்து எடுத்ததில் முழுதும் வானமாகவும் இருப்பது இதனால்தான்.

அந்த இரண்டு மீட்டர் தூரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. நீரின் செங்குத்துக்கு 53 பாகையில் பிரதிபலிக்கும் ஒளி முழுவதுமாகத் தளவிளைவு அடைந்திருக்கும்; அதாவது, அதன் அதிர்வு ஒரே தளத்தில் அடங்கியிருக்கும். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815இல் கண்ட விதி இது. லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரைச் சரியான திசைக்குத் திருப்பினால், அந்தக் கோணத்தில் வரும் பிரதிபலிப்பு அணைந்துவிடும். நீருக்கடியில் இருப்பது துலங்கும். நெல் இலைகளின் மேல் மினுங்கும் வெள்ளைப் பளபளப்பும் கணிசமாகக் குறைந்து, பச்சை அடர்த்தியாகும்.

இந்த உத்தியை அறிவியலில் ஒரு பெரிய கேள்விக்குப் பயன்படுத்தியவர் டெல்டாவின் தலைமாட்டில் பிறந்தவர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. இராமன், 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ஆங்கில இயற்பியலாளர் ராலேயின் கருத்து. இராமன் புரூஸ்டர் கோணத்தில் அந்தப் பிரதிபலிப்பை அணைத்துப் பார்த்தார், நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. அந்தப் பட்டகம் செய்த வேலையைத்தான் இன்று கடையில் வாங்கும் வட்டக் கண்ணாடி செய்கிறது.

ஆனால் அதை எல்லா இடத்திலும் மாட்டுவது கெட்ட பழக்கம். பரம்படித்த வயலில் பிரதிபலிப்புதான் படமே. அதை அணைத்தால் மிஞ்சுவது சேறு. இன்னொரு கோளாறு வானத்தில் தெரியும். நீலவானம் சூரியனுக்குச் செங்கோணமான திசையில்தான் அதிகமாகத் தளவிளைவு அடைந்திருக்கும். அகலக் கோண லென்ஸில் போலரைசர் மாட்டினால் வானத்தின் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகி, இருபுறமும் வெளிறியிருக்கும். அதைப் பார்ப்பவர் எடிட்டிங்கில் கெடுத்துவிட்டதாகக் குறை சொல்வார். எடுத்த இடத்திலேயே கெட்ட விஷயம் அது.

மார்கழி, தை மாதப் படங்களுக்கு வேறு கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வானம் தெளிந்த, காற்று அசையாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை விண்ணுக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. ஈரவயலை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள ஆவி துளிகளாகிறது. இத்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை. காற்று மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். இவற்றுக்கு அந்தப் பாரபட்சம் இல்லை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். மூடுபனி வெண்மையாக இருப்பது அதனால். மேலும், இத்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் வந்த திசையிலேயே முன்னோக்கித் தள்ளுகின்றன. கிழக்கே பார்த்து, சூரியனை ஒரு தென்னைக்குப் பின்னால் மறைத்து எடுத்தால், கீற்றிடைவெளிகளில் ஒளிக்கதிர்கள் விசிறியாக விரியும். அதே பனியை மேற்கே பார்த்து எடுத்தால் அழுக்கு வேட்டி நிறம்தான் கிடைக்கும். காமிராவின் ஒளிமானியும் சேர்ந்து ஏமாற்றும். எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்க முயலும் கருவி அது, வெண்பனியையும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால் சரியாகும்.

சூரியன் தாழ்ந்து வெளிச்சம் பொன்னிறமாகும் பொன்னொளி நேரம் பற்றி ஒரு வார்த்தை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கையேடுகளைப் படித்துவிட்டு, அஸ்தமனத்துக்கு முன் தாராளமாக நேரம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக விழுகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், ஆறு பாகை உயரத்திலிருந்து தொடுவானத்தைத் தொடத் தஞ்சாவூரில் 25 நிமிடம்கூட ஆவதில்லை; இலண்டனில் 39 நிமிடம் ஆகும். பூம்புகாரிலோ நாகப்பட்டினத்திலோ கடல் கிழக்கே இருப்பதால், கடல்மேல் இந்த வெளிச்சம் வேண்டுமென்றால் விடியலில்தான் எழ வேண்டும். தாமதமாக எழுந்தவரின் படத்தில் வெளிச்சம் கடுமையாக இருப்பதற்கு எந்த மென்பொருளிலும் மருந்தில்லை.

கடைசியாக, படம் விமர்சகரின் கைக்கு வந்துசேரும் வழி. செயலி மூலம் படம் அனுப்பும்போது அது வழக்கமாகச் சுருக்கப்படுகிறது. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை முதலில் கழித்துவிடுகிறது. முகப்படத்துக்கு இதனால் பெரிய நட்டமில்லை. தூர் கட்டிய நெற்பயிரோ முழுக்க முழுக்க நுண்ணிய ஏற்ற இறக்கம். ஆயிரக்கணக்கான இலைநுனிகள் ஒரே பச்சைக் கூழாகிவிடும். மெல்ல நிறம் மாறும் விடியல் வானமும் படிப்படியாகப் பட்டை கட்டும். ஃபோகஸ் சரியில்லை என்று எழுதுவதற்கு முன், அனுப்பியவரிடம் மூலக்கோப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பெரும்பாலான செயலிகளில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் கோப்பு சுருங்காமல் வரும்.