விண்டோ பீரியட்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு லேப் ரிப்போர்ட் அனுப்பினான். எச்ஐவி நான்-ரியாக்டிவ், அதாவது நெகட்டிவ். "தப்பிச்சேண்ணா, சனிக்கிழமை ராத்திரி ஒரு பழக்கமில்லாத ஆளோட இருந்துட்டேன், காண்டம் போடல, இன்னைக்கே டெஸ்ட் பாத்துட்டேன்"னான். அன்னைக்கு திங்கக்கிழமை. ரிப்போர்ட்டுக்கு அடியில பொடி எழுத்துல விண்டோ பீரியட்னு ஒரு வரி இருந்துச்சு, அதை அவன் படிக்கவே இல்ல, படிச்சிருந்தாலும் என்ன புரிஞ்சிருக்கும் சொல்லுங்க.

விண்டோங்கிறது வட ஐரோப்பாவுல பேசின பழைய நார்ஸ் மொழியில காத்துக்கண்ணுனு அர்த்தம் வர்ற ஒரு சொல்லுலேர்ந்து வந்தது. நம்மகிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, காலதர். கால்னா காத்து, அதர்னா வழி, சிலப்பதிகாரத்துல மான்கட் காலதர்னு வரும். (சன்னல் போர்ச்சுகீசுக்காரங்க கொண்டுவந்த சொல்.) சுவத்துல இருக்கிற திறப்பைச் சொன்ன விண்டோ, பின்னாடி ரெண்டு நேரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியையும் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. மருத்துவத்துல, கிருமி உடம்புக்குள்ள வந்த நாள்லேர்ந்து டெஸ்ட்ல தெரியுற நாள் வரைக்கும் உள்ள இடைவெளி.

இதை சாளரக் காலம்னு நேரா மொழிபெயர்த்துடுறாங்க. எனக்கு அது சுத்தமா ஒப்பல. சாளரம்னா திறந்திருக்கும், உள்ள இருக்கிறது தெரியும், ஆனா இந்த நாட்கள்ல எதுவுமே தெரியாது, அதுதானே பிரச்சனையே. இன்குபேஷன் பீரியடுக்கு நோயரும்பு காலம்னு எவ்வளவு அழகா ஒரு சொல் வச்சிருக்காங்க, கேட்டதும் புரியுது. அதனால நான் பிடிபடாக் காலம்னு சொல்றேன், டெஸ்ட்ல பிடிபடாத காலம். ரெண்டையும் ஒண்ணுனு நினைச்சிடாதீங்க, நோயரும்பு காலம் அறிகுறி வர்ற வரைக்கும், பிடிபடாக் காலம் டெஸ்ட் காட்டுற வரைக்கும். உடம்புல ஒரு அறிகுறியும் இல்லாம, ரிப்போர்ட்டும் நெகட்டிவ்னு இருக்கும்போதே அடுத்தவங்களுக்கு தொத்தும், அதனால பிடிபடாக் காலம் முடிஞ்சு டெஸ்ட் பாக்குற வரைக்கும் காண்டம் இல்லாம யார்கூடவும் வேணாம்.

நாள் கணக்கு டெஸ்ட்டுக்கு டெஸ்ட் மாறும். எச்ஐவிக்கு கை நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல ஆன்டிஜென் (கிருமியோட ஒரு பகுதி), ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குறது) ரெண்டையும் பாக்குற டெஸ்ட்னா 45 நாள் வரைக்கும், ஆன்டிபாடி மட்டும் பாக்குறதுன்னா 90 நாள் வரைக்கும் பிடிபடாம இருக்கலாம். மேகப்புண்ணுக்கும், அதான் சிஃபிலிஸ், 90 நாள் கழிச்சு ஒருதடவை பாத்தாதான் நிச்சயம். வெட்டை நோய்க்கும், அதான் கொனோரியா, உடலுறவுல தொத்துற இன்னொரு நோயான கிளமிடியாவுக்கும் சுமார் 2 வாரம் போதும்.

அன்னைக்கு ராத்திரி அவனுக்கு இதெல்லாம் நான் சொல்லல. ஒரே ஒரு கணக்குதான் கேட்டேன், எத்தனை மணி நேரம் ஆச்சுனு. 48. எச்ஐவி தொத்தாம தடுக்குற பெப் மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாம போடணும். அப்பவே கவர்மென்ட் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு கிளம்புடானு சொன்னேன், போனான். அடுத்த டெஸ்ட் எப்பங்கிற தேதியும் மாத்திரையால தள்ளிப்போகும், அதை டாக்டரே சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. அந்த டெஸ்ட்டுக்கு நம்பிக்கை மையத்துக்கு, அதான் கவர்மென்ட் எச்ஐவி டெஸ்ட் மையத்துக்குப் போவான், அங்க காசு கிடையாது, விஷயமும் வெளிய போகாது. கேக்க கூச்சமா இருந்தா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணலாம்.