ஃபார்மட் அடிக்கும் முன் பென் டிரைவைப் பிடுங்குங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றாலே ஃபார்மட் அடித்துவிடும், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் எப்போது வந்ததோ தெரியவில்லை. போன வாரம் வேலூர் லாங் பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடை. காலையில் கருப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று ஒரு வரி. முதலாளியின் அக்கா மகன், "விண்டோஸ் போயிடுச்சு மாமா" என்று சொல்லி ஃபார்மட்டும் அடித்துவிட்டான். ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி அதே வரி!

அப்புறம்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என்னைக் கூப்பிட்டார்கள். பின்பக்கம், பிரிண்டர் கேபிளுக்கு அடியில், பாட்டு ஏற்றிய பென் டிரைவ் ஒன்று செருகியபடியே இருந்தது. அதைப் பிடுங்கியதும் புது விண்டோஸ் வந்து நின்று, பெயர் என்ன என்று கேட்டது. பழைய பில், கடன் பாக்கிக் கணக்கில் மீட்க முடிந்தது கொஞ்சம்தான்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதும் முதலில் எழுந்திருப்பது விண்டோஸ் அல்ல, மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற சின்ன புரோகிராம். அது ராம், கீபோர்டு, யூ.எஸ்.பி.யில் செருகியது என எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தேடும். கம்பெனி லோகோவிலேயே உறைந்து நின்றாலோ, ஃபேன் சுற்றி உடனே நின்றாலோ, பெரும்பாலும் விண்டோஸின் முறை இன்னும் வரவே இல்லை. பாகாயத்தில் பஸ்ஸே கிளம்பாதபோது காட்பாடியில் ரோட்டைத் தோண்டி என்ன பயன்?

அந்தக் கடையில் பயாஸ் யூ.எஸ்.பி.யை முதலில் தேடும்படி வைத்திருந்தது. பாட்டு பென் டிரைவில் விண்டோஸ் ஏது? அங்கேயே நின்றுவிட்டது. முன்பு பென் டிரைவில் விண்டோஸ் போட்டவர் வரிசையை மாற்றிவிட்டு அப்படியே போயிருப்பார். எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான், மறுக்கவில்லை. ஆன் செய்யும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி உள்ளே போய், ஹார்ட் டிஸ்க்கை முதலில் வைத்தால் முடிந்தது.

இன்னொரு வகை ஷார்ட். ஜெராக்ஸ் கடையிலும், சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ் ரிசப்ஷனிலும் வருகிறவர்கள் எல்லாம் முன்பக்க போர்ட்டில்தான் பென் டிரைவைத் திணிக்கிறார்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, பின் வளைந்து தகரத்தில் உரசும். சில போர்டுகள் 'ஓவர் கரண்ட்' என்று எச்சரித்து 15 வினாடியில் அணைந்துவிடும். சில மூச்சே விடாது. உடனே "எஸ்.எம்.பி.எஸ். போச்சு" என்று, உள்ளே கரண்ட் கொடுக்கும் அந்தப் பெட்டியைப் புதிதாக வாங்கி வருவார்கள். டார்ச் அடித்து போர்ட்டைப் பாருங்கள் சாமி! முன்பக்க யூ.எஸ்.பி. ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டாலே பல மெஷின் எழுந்துவிடும்.

ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் இருக்கிறதே, தனி அடாப்டர் உள்ள மட்டமான ஹப்பும் வில்லன்தான். அது கரண்டைத் திருப்பி மதர்போர்டுக்குள் அனுப்பும். அடாப்டர் இல்லாத ஹப் என்றால் போர்ட் தரும் கரண்ட்தான் எல்லாவற்றுக்கும்: யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. அதில் கைரேகை மெஷின், வெப்கேம், போதாததற்கு உங்கள் மொபைல் சார்ஜ் வேறா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு 10 வினாடி அழுத்திப் பிடியுங்கள். யூ.எஸ்.பி.யில் இருப்பதையெல்லாம் பிடுங்குங்கள், கீபோர்டு மவுஸ் உட்பட. "எல்லாத்தையும் எடுத்துட்டேன் சார்" என்று போனில் சொல்வீர்கள். வந்து பார்த்தால் பிரிண்டர் கேபிள் பின்னால் தொங்கும். பிறகு பவர் கேபிளை மாட்டி ஆன் செய்யுங்கள். வந்துவிட்டதா? அணைத்து, ஒவ்வொன்றாகச் செருகி மறுபடி ஆன் செய்து பாருங்கள். எதைச் செருகும்போது நிற்கிறதோ, அதை வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். கோளாறு சாமானிலா போர்ட்டிலா என்று தெரிந்துவிடும். போர்ட்டுக்குள் ஊசி, ஹேர்பின் விட்டு நிமிர்த்தும் வேலை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

"பிடுங்குறதுக்கா காசு?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான், அதனால்தான் நீங்களே செய்யச் சொல்கிறேன். அதற்கும் வரவில்லையென்றால் கொண்டு வாருங்கள். ஆனால் சி.பி.யூ.வை மட்டும் ஆட்டோவில் தூக்கி வந்தால் என் மேஜையில் அது ஜம்மென்று ஆன் ஆகும், நீங்கள் என்னை முறைப்பீர்கள். அதில் என்னென்ன செருகியிருந்ததோ, அதையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.