'டுவெல்': வழிதவறலில் பிறந்த வசிப்பு

ஆங்கிலத்தில் 'வசித்தல்' என்னும் பொருள் தரும் வினைகளுள் 'டுவெல்' சற்று மிடுக்கானது. அன்றாடப் பேச்சில் அதன் இடத்தை 'லிவ்' பிடித்துக்கொண்டுவிட்டாலும், செய்யுளிலும் சமய நூல்களிலும் அது இன்னும் வழங்குகிறது. வீட்டைக் குறிக்கும் 'டுவெல்லிங்' என்ற பெயர்ச்சொல்லாகச் சட்ட ஆவணங்களிலும் இருக்கிறது. நிலையான குடியிருப்பைச் சுட்டும் இச்சொல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய அதற்கு எதிரான ஒன்றைச் சுட்டியது. பழைய ஆங்கிலத்தில் 'டுவெல்லன்' என்றால் ஒருவரை வழிதவறச் செய்தல், ஏமாற்றுதல் என்று பொருள். அதே வேரில் பிறந்த பெயர்ச்சொற்கள் பிழையையும் சமயப் பிறழ்வையும் குறித்தன.

ஏமாற்றுவதிலிருந்து குடியிருப்பதற்கு ஒரு சொல் ஒரே தாவலில் வந்துவிடாது. இடையில் பல படிகள் உண்டு: வழிதவறச் செய்தல், தடுத்தல், தாமதித்தல், தங்கியிருத்தல், பிறகு குடியிருத்தல். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சொல் நகரும் விதம்தான் இதில் உண்மையான வியப்பு. பனிமூட்டத்தில் வழி தவறிய ஒருவன், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் திகைத்துப்போனான் என்ற கருத்தில் ஒருவர் சொல்வதை, அவன் தாமதித்தான் என்று கேட்பவர் எடுத்துக்கொண்டாலும் செய்தி பொய்யாகாது. இருவருக்கும் வேறுபாடே தெரியாது. இப்படிப் பலமுறை கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டாம் பொருளே முதற்பொருளாகிவிடுகிறது. தாமதிப்பவன் ஓரிடத்தில் தங்குகிறான். நெடுநாள் தங்குபவனை ஊரார் அங்கே குடியிருப்பவன் என்கிறார்கள். எந்தப் படியிலும் ஒருவரும் சொல்லுக்குப் புதுப் பொருள் கற்பிக்க முனையவில்லை.

இந்த நகர்வுக்கு வெளியிலிருந்தும் ஒரு தள்ளுதல் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் 'ட்வெல்யா' என்ற உறவுச் சொல் இருந்தது. தாமதித்தலும் தங்குதலும் அதன் பொருள்கள். அதன் செல்வாக்கும் சேர, 1200ஐ ஒட்டி 'டுவெல்' தங்கியிருத்தலைக் குறித்தது. 14ஆம் நூற்றாண்டில் குடியிருத்தல் என்ற பொருள் ஊன்றிவிட்டது.

உறவு மொழிகளோ பழைய மயக்கத்தை இன்னும் விடவில்லை. டச்சு மொழியின் 'ட்வாலன்' இன்றும் வழிதவறி அலைதலையே குறிக்கிறது. சுவீடிய மொழியின் 'ட்வாலா' என்பது உணர்வற்ற மயக்கம். குளிர்காலம் முழுதும் விலங்குகள் உறங்கிக் கிடக்கும் நிலைக்கும் அதுவே பெயர். இடைக்கால இங்கிலாந்தில் அறுவைக்கு முன் நோயாளிக்குக் கொடுத்த 'டுவேல்' என்ற மயக்க மருந்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அபினி, குரோசாணி ஓமம், ஹெம்லாக் என்னும் நச்சுச்செடியின் சாறு முதலியவற்றை மதுவில் கலந்து, நோயாளியை நெருப்பருகே உட்காரவைத்து, அவர் உறங்கும்வரை குடிக்கச் செய்வார்கள். அறுத்து முடித்த பின் நெற்றிப்பொட்டையும் கன்னத்தையும் புளிக்காடியும் உப்பும் கொண்டு கழுவி எழுப்புவார்கள். 'உடம்பு டல்லாக இருக்கிறது' என்று நாம் சொல்லும் 'டல்' கூட இதற்கு உறவுதான்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நினைக்க வேண்டியதில்லை. கேரளத்துக்குப் புதிதாகப் போகும் தமிழரிடம் 'எவிடெயா தாமசம்?' என்று கேட்டால், எங்கே தாமதமாயிற்று என்று கேட்பதாகவே அவருக்குத் தோன்றும். கேட்டவரோ வீடு எங்கே என்றுதான் கேட்கிறார். மலையாளத்தில் 'தாமசம்' தாமதத்தையும் குறிக்கும், வசிப்பதையும் குறிக்கும். அதன் வேர், இருளையும் மந்தத்தையும் உணர்த்தும் வடமொழித் 'தமஸ்'. நம் 'தாமதம்' அங்கிருந்து வந்ததே. மதிமயக்கத்தில் தொடங்கி, தாமதம் வழியாக, வீட்டில் வந்து முடியும் அதே பாதையை, ஆங்கிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமலே மலையாளம் நடந்திருக்கிறது. தமிழின் 'தங்கு' கூட இரவு தங்குவதையும் உணர்த்துகிறது. 'தங்குதடையின்றி' என்னும்போது தடைப்பட்டு நிற்பதையும் உணர்த்துகிறது.

'டுவெல்' தன் பழம்பொருளை முற்றிலும் இழந்துவிடவுமில்லை. நடந்து முடிந்த ஒன்றையே மனம் விடாமல் எண்ணிக்கொண்டிருப்பதை ஆங்கிலேயர் 'டுவெல் ஆன்' என்பார்கள். மனம் அங்கே வீடு கட்டவில்லை, நகர முடியாமல் நிற்கிறது. பொறியியலில் இந்தப் பொருள் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எஞ்சினில் 'கேம்' என்னும் புடைப்புள்ள சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, அதன்மேல் ஏறி இறங்கும் தண்டு நடுவில் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அந்த நிற்றலுக்குப் பெயர் 'டுவெல்'. கதவு திறந்து, பயணிகள் ஏறி இறங்கி, மீண்டும் கதவு மூடும்வரை ரயில் நடைமேடையில் நிற்கும் நேரத்தையும் ரயில்வே பொறியாளர்கள் 'டுவெல் டைம்' என்றே கணக்கிடுகிறார்கள்.