வாட்ச் தூங்கினாள் என்கிறது, மகள் தூங்கவில்லை என்கிறாள்

போன வாரம் ஒரு அம்மாவிடமிருந்து கேள்வி வந்தது. 15 வயது மகளுக்கு மனச்சோர்வு, சிகிச்சை நடக்கிறது. தூக்கத்தையும் நடையையும் கவனிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். “காலையில் பார்த்தால் ஏழே முக்கால் மணி நேரம் தூங்கினாள் என்று காட்டுகிறது. அவளோ விடிய விடிய முழித்துக்கொண்டிருந்தேன் என்கிறாள். யாரை நம்புவது?”

முதலில் மகளை. ஏன் என்று சொல்ல வாட்ச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும், தினமும் சராசரியாக 60 நிமிட உடலசைவும் வேண்டும் என்பது தெரிந்த கதை. மனநோய் உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். தூக்கம் கெட்டால் நோய் கூடும், நோய் கூடினால் தூக்கம் கெடும். ஒலான்சபின் போன்ற சில மனநோய் மருந்துகள் பசியைக் கிளப்பி எடையையும் ஏற்றிவிடும் (அதற்காக மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது).

சரி, வாட்ச்சுக்குள் போவோம். பொட்டுக்கடலையில் பாதிகூட இல்லாத ஒரு சில்லு. அதற்குள் மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் ஒரு குட்டிப் பாளம் ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது. பாளத்தின் விளிம்பில் சீப்பு போல வரிசையாகப் பற்கள். எதிரே அசையாத இன்னொரு சீப்பு. இதன் பற்கள் அதன் பற்களுக்கு நடுவே, ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. இடைவெளி சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் வரும். கை அசைந்தால் சில்லு உடனே நகர்ந்துவிடும், பாளம் ஒரு கணம் பின்தங்கும். பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்கிறாரே, அதே நிலைமம். பற்களுக்கு இடையே தூரம் மாறும், தூரம் மாறினால் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) மாறும். மிச்சம் பிளஸ் டூ இயற்பியல். நொடிக்குப் பல தடவை இந்த மாற்றம் அளக்கப்படுகிறது. மணிக்கட்டில் ஓர் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம் அடங்கவில்லை.

ஊஞ்சலிலிருந்து தூக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? கோல், கிரிப்கே முதலியோர் 1992இல் வெளியிட்ட கணக்கு ஒன்று ஆராய்ச்சியாளர்களிடம் இன்றும் புழங்குகிறது. ஒரு நிமிடத்துக்குத் தீர்ப்புச் சொல்ல, அதற்கு முந்திய 4 நிமிடங்களையும் பிந்திய 2 நிமிடங்களையும் சாட்சிக்குக் கூப்பிடும். ஒவ்வொரு நிமிடத்து அசைவையும் ஓர் எண்ணால் பெருக்கும்: 106, 54, 58, 76, சம்பந்தப்பட்ட நிமிடத்துக்கு 230, பிறகு 74, 67. எல்லாவற்றையும் கூட்டி ஆயிரத்தால் வகுத்து, விடை 1க்குக் கீழே இருந்தால் தூக்கம்.

இப்போது அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சுவரைப் பார்த்தபடி, புரளக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருக்கிறாள். ஏழு நிமிடமும் பூஜ்யம். எதால் பெருக்கினாலும் பூஜ்யம். வாட்ச் ‘தூக்கம்’ என்று எழுதிக்கொள்கிறது.

நானும் ஒரு மத்தியானம் பாயில் மல்லாந்து, அசையாமல் கிரிக்கெட் வர்ணனை கேட்டேன். 40 நிமிடம் தூங்கினேன் என்று காட்டியது. அதற்குள் மூன்று விக்கெட் விழுந்தது எனக்குத் தெரியும்.

இப்போதைய வாட்ச்சுகள் பச்சை விளக்கால் நாடித்துடிப்பையும் பார்ப்பதால் கொஞ்சம் தேவலாம். ஆனாலும் அசையாத விழிப்பில்தான் இன்றும் சறுக்குகின்றன. தங்கள் கணக்கு என்ன என்பதைக் கம்பெனிகள் பெரும்பாலும் முழுசாகச் சொல்வதில்லை. நோயுள்ள பிள்ளைகளின் கையில் கட்டிச் சரிபார்க்கும் வேலைக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும், புது ஆப்களுக்கு ஒதுக்குவதற்கு முன்னால். இது என் கட்சி. மந்திரித்த தாயத்தை அவிழ்த்துவிட்டு வாட்ச் கட்டுவது முன்னேற்றம்தான். தாயத்தை நம்பியது போலவே வாட்ச்சையும் நம்பினால் பிள்ளைக்கு என்ன லாபம்?

மகள் சொல்வதிலும் சின்னத் திருத்தம் உண்டு. தூக்கம் வராத இரவு நீளமாகத் தோன்றும். நடுவே கண்ணயர்ந்தது நினைவில் நிற்காது.

வாட்ச்சைக் கழற்ற வேண்டாம். எழுந்து நடமாடத் தொடங்கிய நேரம், பகலில் நடந்த அடிகள் இரண்டையும் அது நன்றாகவே பார்க்கும், ஏனென்றால் அவை அசைவு. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவதுதான் தூக்கப் பழக்கத்துக்கு ஆணிவேர். நடைக்குப் பத்தாயிரம் அடி என்றெல்லாம் மலைக்க வைக்காதீர்கள்; நேற்று 900 என்றால் இன்று 1,000 போதும். நடக்கும் முன் மனம் பத்துக்கு எத்தனை, வந்தபின் எத்தனை என்று போனில் அவளே குறிக்கட்டும். மனம் தேறட்டும் என்று காத்திருக்காமல் செயலை முதலில் தொடங்கும் சிகிச்சை முறையே இருக்கிறது. ‘நடந்து என்ன ஆகப்போகிறது’ என்று தோன்றும் நாளில், அவள் குறித்த எண்களையே அவள் பார்க்கலாம்.

அப்புறம், காலையில் வாட்ச்சைப் பார்க்கும் முன் அவளிடம் கேளுங்கள். நோட்டில் அவள் சொன்னது முதலில், வாட்ச் சொன்னது பக்கத்தில். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். இரண்டுக்கும் எத்தனை மணி நேர வித்தியாசம் என்பதும் அவருக்கு ஒரு தகவல். நடுவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.